கீறலைத் தொடாதே

குடும்பத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். வாயைத் திறந்தால் எரிகிறது என்று பெரியப்பா வைத்த பெயர். நாற்பது வயதாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்சை அளவாக அறுத்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள் என்ற ஒரே குற்றத்துக்காக அந்தப் பழைய குடும்பப் படம் அவள் தலையில் வந்து விழுந்தது.

கொண்டு வந்து கொடுத்தவன் பெரியப்பாவின் மகன், அவளுக்கு அண்ணன் முறை. அப்பா அம்மாவுக்கு ஐம்பதாவது கல்யாண நாள் வருகிறது, படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டப் போகிறோம், கறையையும் மடிப்பையும் எடுத்துக் கொடு என்றான். கல்யாணமான புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில். பக்கத்தில் நின்றபடி பெரியப்பாவும் பெரியம்மாவும். தரையில் அரைக்கால் சட்டையோடு மிளகாயின் அப்பா. பெரியம்மாவின் தோளில் கை போட்டபடி ஒரு பெண். கழுத்துக்குக் கீழே அவள் நன்றாகவே இருந்தாள். கழுத்துக்கு மேலே ஆணியால் குறுக்கும் நெடுக்கும் இழுத்த வெள்ளைக் கோடுகள்தான்.

அது அத்தை. அண்ணனான பெரியப்பா மேலேயே போலீசில் புகார் கொடுத்தவள். கூடப்பிறந்தவனை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தவள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் ஏன் புகார் கொடுத்தாள் என்ற கேள்வி வந்துவிடுமே. அந்த வாரம் பெரியம்மாவின் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவளே ஸ்டேஷனில் சொல்லிவிட்டாள். புகார் புஸ்வாணமானது. அத்தை பெட்டியோடு வெளியே போனாள், பெரியப்பா ஆணியைக் கையில் எடுத்தார். அவள் இருந்த மற்றப் படங்களெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டன. தாத்தாவும் பாட்டியும் இருந்த ஒரே காரணத்தால் இது தப்பியது.

“அந்த ஆளை எடுத்துட்டுச் சுவரை நிரப்பிடு. இப்பல்லாம் ஒரு நிமிஷ வேலையாமே,” என்றான் அண்ணன்.

மிளகாய்க்கு உச்சந்தலை வரைக்கும் காரம் ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, மறைத்த சோற்றைத் தன் கையாலேயே பரிமாறச் சொல்கிறார்கள். அவள் படத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். எடுக்கவா சொல்கிறாய், அந்த முகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

கறுவுவது சுலபம். இந்த வேலையில் அவளுக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது. முதல் காரியமாகக் கண்ணாடிக்கடைப் புத்தி வேலை செய்தது. பளபளப்பாக எதைப் பார்த்தாலும் லென்ஸ் துடைக்கும் மருந்தைப் பீய்ச்சி மெல்லிய துணியால் துடைத்தே பழகிய கை அது. படத்தின் கீழ் ஓரத்தில் பீய்ச்சித் துடைத்தாள். பெரியப்பாவின் வலது செருப்பு துணியோடு வந்துவிட்டது.

பயந்துபோய்த்தான் இணையத்தில் பழைய படங்களைச் சரிசெய்கிறவர்கள் கூடும் குழுவில் சேர்ந்தாள். ‘கத்துக்குட்டி’ என்று பெயர் வைத்துக்கொண்டு படத்தைப் போட்டு, துடைத்ததில் செருப்பு போனதையும் சொல்லி, கீறிய முகத்தை மீட்க வேண்டும், எனக்கு எதுவும் தெரியாது, உதவுங்கள் என்று எழுதினாள்.

உதவி வந்து குவிந்தது. ஒருவர் அத்தையை அடியோடு அழித்து அனுப்பினார். ஆள் மறைந்துவிட்டாள், பெரியம்மாவின் தோளில் கை மட்டும் தனியாகத் தொங்கியது. இன்னொருவர் ஏதோ பொத்தானை அமுக்கி முகமே வரவழைத்துவிட்டார். வில் புருவம், மினுமினுத்த உதடு, சோப்பு விளம்பரத்துச் சிரிப்பு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறோம். இது பிள்ளையார் பிடிக்கப் போய் நடிகையான கதை. கீழே அத்தனை பேரும் அருமை அருமை என்று எழுதியிருந்தார்கள். இது எங்கள் அத்தை இல்லை என்று மிளகாய் எழுதினாள். ஓசியில் செய்து கொடுத்தால் நொட்டை வேறா என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

‘இருட்டறை’ என்ற பெயரில் ஒருவர் மட்டும் எரிச்சலோடு உருப்படியாக எழுதினார். படத்தை இனிமேல் துடைத்தால் கையை உடைப்பேன் என்று தொடங்கினார். ஸ்கேன் செய்ததை நகல் எடுத்துக்கொள், மூலத்தைத் தொடாதே. கீறல் என்பது கோடுதான். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் முகம் அப்படியே இருக்கிறது. பெரிதாக்கிப் பார், பக்கத்தில் இருக்கும் துளியை எடுத்துக் கோட்டின் மேல் வை. பொத்தானை நம்பாதே, அதற்கு உன் அத்தையைத் தெரியாது. முதலில் அந்தச் செருப்பைச் சரிசெய்து பழகு.

செருப்பில் பழகினாள். இடது செருப்பைத் திருப்பிப் போட்டு வலது ஆக்கினாள். முதல் தடவை பெரியப்பாவின் கால்விரல்கள் இடம் மாறிப்போயின. மடிப்பை எடுத்தாள், கறையை எடுத்தாள். கடைசியாக முகத்துக்கு வந்தாள். நெற்றி கிடைத்தது, ஒரு காது கிடைத்தது, இடது கண்ணில் பாதி கிடைத்தது. அந்தப் பாதிக் கண் திரையிலிருந்து அவளை நேராகப் பார்த்தபோது மிளகாய்க்கு அழுகை வந்துவிட்டது. மூக்கும் வாயும் இருந்த இடத்தில்தான் பெரியப்பா அழுத்தி அழுத்திக் கீறியிருந்தார். அங்கே காகிதம்தான் இருந்தது.

இல்லாததைக் கற்பனை செய்யாதே, ஆள் உயிரோடு இருந்தால் போய்ப் பார் என்று எழுதினார் இருட்டறை.

அத்தை உயிரோடுதான் இருந்தாள். அவளுக்கு வேறு ஊரில் டிரைவிங் ஸ்கூல் இருந்தது. அப்பா சாகும்வரை அவளோடு திருட்டுத்தனமாகப் போனில் பேசுவார். அந்த நம்பர் மிளகாயிடம் இருந்தது. பஸ் ஏறிப் போனாள். பயிற்சி வண்டிக்குள் வைத்தே பேசினார்கள். லேப்டாப்பை மடியில் விரித்துப் படத்தைக் காட்டி, உன் மூக்கையும் வாயையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்கிறேன், மீதியை நான் முடித்துவிடுவேன் என்றாள். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அத்தை அந்தப் பாதிக் கண்ணை வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்துத் தன் இளவயது முகத்தைப் பார்க்கிறவள் உருகிப்போவாள் என்று நினைத்திருந்தாள் மிளகாய். அத்தைக்கோ முகம் சிவந்துவிட்டது.

“இதை அழி.”

“அத்தை, எத்தனை நாள் உட்கார்ந்து பண்ணினேன் தெரியுமா?”

“அழிங்கறேன். மத்தவங்களைப் பளிச்சுன்னு பண்ணு. என் மூஞ்சியை எப்படி விட்டாங்களோ அப்படியே வை. கீறலைத் தொடாதே.”

“அப்படி மாட்டினா உனக்குத்தானே அசிங்கம்?”

“கீறினவன் நானா? அவன் பண்ணினதை நீ எதுக்குடி பூசி மெழுகற? பாக்கறவன் எல்லாம் கேக்கட்டும், யார் இவ, யார் கீறினான்னு. அம்பது வருஷமா நான் பதில் சொல்லிட்டேன். இனிமே அவன் சொல்லட்டும்.”

மிளகாய்க்குச் சுருக்கென்றது. திரும்பும் வழியெல்லாம் அத்தை மேல் கோபம், பிறகு தன் மேல் கோபம். அண்ணன் அத்தையை மறைக்கச் சொன்னான். தான் அண்ணனை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு ஆணியை மறைத்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். எப்படி மறைத்தாலும் லாபம் பெரியப்பாவுக்குத்தான். நெற்றி, காது, கண் எல்லாவற்றையும் அழித்துப் பழைய கோடுகளைத் திரும்ப வைத்தாள். மற்றவர்களின் சட்டைப் பொத்தான் வரைக்கும் துலக்கினாள். குழுவில் அதைப் போட்டபோது வேலை அரைகுறை என்று பலர் குறை சொன்னார்கள். இருட்டறை மட்டும், இப்போதுதான் முடிந்திருக்கிறது, பெரிதாகவே அச்சடி என்று எழுதினார்.

பெரிதாகவே அச்சடித்தாள்.

கல்யாண நாளன்று கூடம் நிறைய உறவு. போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார். அண்ணன் ஸ்டூல் மேல் ஏறி, மிளகாய் மூடியபடியே கொண்டுவந்து மாட்டியிருந்த படத்தின் துணியைத் தானே இழுத்தான். கை தட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். ஆளாளுக்கு முகம் பொலிந்த படத்தில் நடுவில் ஒருத்திக்கு மட்டும் முகம் கிழிந்திருந்தது. பார்க்காமல் இருக்க யாராலும் முடியவில்லை. இது யார், ஏன் இப்படி இருக்கிறாள் என்று மருமகள்களில் ஒருத்தி கேட்டே விட்டாள். பழைய படம், தேய்ந்துவிட்டது என்றார் பெரியப்பா.

“தேயலை பெரியப்பா. ஆணியால கீறினது,” என்றாள் மிளகாய்.

“கழட்டுடா அதை.”

மிளகாய் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள். “யார் கீறினதுன்னு சொல்லிட்டுக் கழட்டச் சொல்லுங்க.”

நல்ல நாளும் அதுவுமாக எதற்கு இதெல்லாம் என்றார் ஒருவர். வீட்டுக்கு வீடு வாசற்படி என்றார் இன்னொருவர். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று யாரோ பின்னாலிருந்து சொல்லிவைத்தார். அதைக் கேட்டதும் பெரியம்மா எழுந்தாள். விருந்தாளிகளுக்கு எதிரில் அவள் குரலை உயர்த்தி அந்தக் கூடம் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“அணைச்ச கையை நான் பார்த்ததில்லை,” என்றாள். “அன்னிக்கு நான் வழுக்கி விழலை. இவர்தான் கையை முறிச்சார். எனக்காகத்தான் அவ ஸ்டேஷனுக்குப் போனா. நான்தான் பயந்து அவளைப் பொய்க்காரி ஆக்கினேன்.”

பெரியப்பா மகனைப் பார்த்தார். மகன் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையைப் பார்த்தபடி நின்றான். பெரியம்மா அந்த ஸ்டூலை இழுத்துப் படத்துக்குக் கீழே போட்டு உட்கார்ந்தாள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியபடி, ஜோடியாக எடுத்துவிடலாமா, ஐயாவும் வரட்டுமே என்று தயங்கிக் கேட்டார்.

“வேண்டாம்,” என்றாள் பெரியம்மா. “நானும் அவளும் மட்டும் படத்துல விழற மாதிரி எடுங்க.”