அஞ்சம்மாளுக்கு ஐந்தாவது பாட்டு

ஊரப்பாக்கத்துத் துளசிங்கம் சொன்ன பொய்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினால் ஜிஎஸ்டி ரோட்டை இன்னும் இரண்டு லேன் அகலப்படுத்த வேண்டியிருக்கும். பள்ளிக்கரணையில் அவர் தூண்டிலில் மாட்டிய விரால், அவரை வேளச்சேரி வரை இழுத்துப் போய், சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஒழுங்காக நின்றதாம். யார் சாட்சி என்று கேட்டால் மனைவியைக் காட்டுவார். அஞ்சம்மாளும் முகம் மாறாமல், "ஆமா, நான்தான் அத்தக் கொழம்பு வெச்சேன்" என்பாள்.

அந்த அஞ்சம்மாளுக்கு அறுபத்து மூன்று வயதில் ஒரு பித்துப் பிடித்தது. 'சாயங்கால வண்டி' என்று நாலு பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் பேண்டு. அதில் தீபா என்றொரு பெண் பாடுவாள், அழுது முடித்துவிட்டு அப்போதுதான் வாயைத் திறந்த மாதிரி. தாம்பரத்தில் அவர்கள் கச்சேரி நடந்தபோது காலேஜ் பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் வரிசையில் நின்றவள் அஞ்சம்மாள். அடுத்த ஆல்பத்துக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னதை, துளசிங்கம்தான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்.

மார்கழியில் ஆல்பம் வந்தது. எட்டுப் பாட்டு. துளசிங்கம் போனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். எதிர் நாற்காலியில் அஞ்சம்மாள் அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.

"இன்னாய்யா, எப்டி கீது?" தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

அவர் தாளில் எழுதினார்: 'படு மோசம். உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல.'

"தீபா கொரலு?"

'சளி புடிச்ச எருமை. பக்கத்து வூட்டு நாய் இத்தக் கேட்டுட்டு ஊர வுட்டே போயிடிச்சு.'

அவள் சிரிக்கவில்லை. "அஞ்சாவது பாட்ட ஏன்யா நாலு வாட்டி போட்ட? வெரலு அங்கயே போவுது. எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு கீது. எருமை கத்துறதுக்கா நீ அழுதுகினு கீற?"

துளசிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். 'நல்லா கீது' என்று எழுதினார்.

"எவ்ளோ நல்லா?"

எதற்கும் ஓர் அளவு சொல்லிவிடுகிற மனிதர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பாட்டை ஐந்தாம் முறையாகப் போட்டார். நிறுத்தி நிறுத்தி, முதல் நாலு வரியை எழுதிக் கொடுத்தார். 'மழ நின்னு போச்சு, என் வாசல் மட்டும் நனையுது' என்று ஆரம்பம்.

அஞ்சம்மாள் தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். பிறகு தானாக ஒரு மெட்டைப் போட்டுப் பாடத் தொடங்கினாள். தீபா இறங்கும் இடத்தில் இவள் ஏறினாள். தீபா மூச்சு விடும் இடத்தில் இவள் இழுத்தாள். மடியில் போன் அசல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார்.

நாலு வரியையும் முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "இப்டிதானே பாடிக்கீறா?"

துளசிங்கம் தாளை வாங்கி, முகம் மாறாமல் எழுதினார்: 'அச்சு அசல் இதே மாதிரி.'