அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி

1988ஆம் ஆண்டு ஜனவரி பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, தில்லையம்பலம், தான் வேலைசெய்யும் கடையின் முன்கதவால் வெளியே போய், அதே கடையின் பின்கதவால் உள்ளே வந்தார். இடையில் தெருவோ நடைபாதையோ வரவில்லை. ஒரு கால் முன்வாசற்படியில் இறங்கியது, மற்றக் கால் பின்னறையில் கோதுமை மாமூட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வெளியே நல்ல மழை. அவருடைய கோட்டில் ஒரு துளிகூடப் பட்டிருக்கவில்லை. அன்று எட்டேகாலுக்கு ஹீத்ரோவில் இறங்கிய விமானத்தில் அவருடைய மனைவி தவநாயகியும் பதினொரு வயது மகள் பிருந்தாவும் வந்திருந்தார்கள், குடிவரவு முடிந்து வெளியே வரப் பத்தரை ஆகும். மூன்றரை வருடமாக அவர் காணாத முகங்கள். ஆகவே திரும்பவும் முன்கதவைத் திறந்தார். ஏழு முறை போனார், ஏழு முறையும் மாமூட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எட்டாவது முறை கடைக்காரி எர்மீனியா, சீஸ் வெட்டும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, நிலத்தை இப்போதுதான் துடைத்தேன், போவதென்றால் போ, இருப்பதென்றால் இரு என்று சொன்னாள். அவர் இருந்தார்.

கடை வெம்பிளியில், ஹறோ றோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. இத்தாலிய மலையூர் ஒன்றிலிருந்து வந்த எர்மீனியாவின் புருஷன் போட்ட கடை. இங்கே டெலி என்பார்கள். உப்பிட்டுக் காயவைத்த பன்றித்தொடைகள் கூரையிலிருந்து தொங்கும். கண்ணாடிக்குள் சீஸும் ஒலிவ் காயும் சலாமி என்ற இறைச்சி உருளையும் இருக்கும். பாஸ்தாவை அன்றன்று கையால் செய்வார்கள். 1984இல் அகதியாக வந்து இறங்கிய தில்லையம்பலம் அங்கே கோப்பை கழுவத்தான் போனார். மூன்றாம் நாள் எர்மீனியாவுக்குக் கைவலி. இறைச்சிப் பூரணம் வைத்து விரல் நுனியில் மடிக்கும் டோர்டெல்லினியை அவர் எடுத்து மடித்தார். மோதகம் பிடித்த கைக்கு அது ஒரு வேலையா? அன்றிலிருந்து ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கொதிநீருக்குள் வெறுங்கையை விட்டு மொட்சரெல்லாச் சீஸை இழுப்பார். கை வெந்து சிவக்கும், முகத்தில் சிரிப்பு மாறாது. அவரோ சுத்த சைவம். தான் செய்த சலாமியின் ஒரு துண்டைக்கூட ஆயுளில் வாயில் வைத்ததில்லை, உப்பையும் மிளகையும் மூக்காலேயே பார்த்துவிடுவார். எங்கள் ஆட்கள் ஒன்றிரண்டு பேர் வந்து, இதற்குள் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் என்ன என்று கேட்டதுண்டு. அவர்களை அவர் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். அந்தக் காலத்தில் அவரால் வாசல் தாண்ட முடிந்தது.

முடியாமற்போனதற்குக் காரணம் நேர்த்தி. 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டு, இருபத்துமூன்று நாள் தவநாயகியைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. டெலிபோன் இல்லை, கடிதம் இல்லை. இருபத்துநான்காம் நாள் அவர் எர்மீனியாவின் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த அந்தோனியார் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினார். சைவக்காரன் அந்தோனியாரிடம் போவது எங்களில் புதினம் இல்லை. தொலைந்தது எதுவானாலும் அவரிடம்தான் கேட்பது. நேர்த்தி வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காவடி என்றால் எத்தனை வருடம், பொங்கல் என்றால் எந்த மாதம், விரதம் என்றால் எத்தனை வெள்ளி என்று சொல்லித்தான் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தில்லையம்பலத்துக்கு அந்தப் பதற்றத்தில் முறை மறந்துவிட்டது. அத்தோடு இந்தக் கடையை விட்டுவிட்டுப் பெற்றோல் ஸ்டேசனில் கூடின சம்பளத்துக்கு ஷிப்ட் வேலைக்குப் போவதா என்று அவர் மனம் அலைபாய்ந்த காலம் அது. அந்த யோசனையையே தூக்கிக் காணிக்கையாக வைத்தார். “அந்தோனியாரே, அவளையும் பிள்ளையையும் இஞ்சை கொண்டுவந்து சேர்த்துவிடும். பிறகு இந்தக் கடைப்படியை விட்டு நான் இறங்கமாட்டன்” என்றார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அந்தோனியாரும் கேட்கவில்லை.

ஹீத்ரோவுக்கு அவருடைய சிநேகிதர் பத்மநாதன் தன் வான் வண்டியைக் கொண்டுபோய்த் தாயையும் மகளையும் ஏற்றிவந்தார். கடைவாசலில் நின்று கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர் படிக்கு உள்ளே, அவர்கள் வெளியே. அடுத்த ஞாயிறு பத்மநாதன், உதெல்லாம் மனப்பிரமை அண்ணை என்று சொல்லி, தில்லையம்பலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்கதவால் நடந்தார். நடைபாதைக்கு வந்தபோது தோளில் பாரம் இல்லை. பின்னறையிலிருந்து அண்ணையின் குரல் மாத்திரம் கேட்டது. ஜன்னலாலும் வெளியேற்றிப் பார்த்தார்கள், நிலவறைச் சாளரத்தாலும் முயன்றார்கள். கவுன்சிலிலிருந்து வந்த ஒருவர் இரண்டு கதவுகளையும் அளந்து, வெளியேறும் வழிகள் திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கோயில் ஐயர், நேர்த்தி நம்மிடம் வைத்ததில்லையே, நாம் எப்படி இறக்குவது என்றார். பங்குச் சுவாமியார், புனிதர்கள் இப்படிப் பேரம் பேசுவதில்லை என்று சொல்லி, கால் கிலோ சலாமி வாங்கிக்கொண்டு போனார்.

கடையில் குடியிருக்க இடமில்லை. மாடியில் வேறு ஆட்கள். பின்னறையில் ஒரு மடக்குக்கட்டில்தான். தாயும் மகளும் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டில் குடிபோனார்கள். ஞாயிறுதோறும் வந்து, மாமூட்டைமேல் உட்கார்ந்து கதைத்துவிட்டுப் போவார்கள். எர்மீனியா கடையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தங்கையிடம் போய், அங்கேயே ஒரு சித்திரையில் கண்ணை மூடினாள். அவளுடைய செத்தவீட்டுக்கும் அவர் போகவில்லை. 1989இல் பிருந்தா பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு நடந்தது. மேடையில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் பத்மநாதன் நின்றார். 1992இல் அவளுடைய நடன அரங்கேற்றம். இரண்டையும் அவர் வீடியோவில்தான் பார்த்தார். மகளுடைய முகம் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து விரிந்து வந்தது, பிறகு இருதய வடிவத்துக்குள் போனது, படம்பிடித்தவனின் கைவரிசை. தில்லையம்பலம் கண்ணீர் வடியப் பார்த்தார். அப்படியே பாஸ்தாவையும் மடித்துக்கொண்டிருந்தார், அதுதான் தவநாயகிக்குப் பொறுக்கவில்லை.

“உங்களுக்கு ஏலாமல் இருக்கேல்லை. விருப்பம் இல்லை. அந்தோனியார் ஒரு சாட்டு. நீங்கள் இந்த மாவைத்தான் கலியாணம் கட்டியிருக்கிறியள்” என்றாள்.

“இஞ்சரும், கதவால போனால் திரும்பி வந்திடுறன் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?”

“கதவு திறந்துதானே கிடக்குது.”

அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் அவரைச் சுட்டது. கடை அவருக்கு உயிர். ஆனால் உயிரையும் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் மூச்சு முட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போனாள். அவளோடு தெருவில் நாலடி நடக்க வேண்டும், பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ராசாக்கள் கேட்கும் வரம் இல்லை அது.

1993 ஓகஸ்டில் தாயும் மகளும் ஒரு கலியாணத்துக்குப் பாரிஸ் போனார்கள். அவர்கள் போன அன்று மாலை தில்லையம்பலம் வாசற்படியைக் கழுவும்போது தும்புத்தடி கைநழுவி நடைபாதையில் உருண்டது. எடுக்க இறங்கினார், எடுத்தார், நிமிர்ந்தபோது நடைபாதையில் நின்றார். ஐந்து வருடத்தில் முதல்தடவையாக அவருடைய தலையில் தூறல் விழுந்தது. பஸ் தரிப்பிடம்வரை நடந்தார். அதற்கு அப்பால் வைத்த கால் பின்னறையில் விழுந்தது. ஆறு நாள் இப்படி. ஏழாம் நாள் தபாற்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் திடீரென்று மாமூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார். தவநாயகியும் பிள்ளையும் டோவரில் கப்பலால் இறங்கிய நேரம் அது.

பிறகு கணக்குப் பிடிக்க அதிக நாள் எடுக்கவில்லை. அவர்கள் லெஸ்டருக்குப் போனால் ஒரு படி இறங்கலாம். கிளாஸ்கோ என்றால் பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் சலவைக்கடைவரை. எவ்வளவு தூரம் அவர்கள் போகிறார்களோ அவ்வளவுக்குக் கயிறு இளகும். கொண்டுவந்து சேர்த்ததற்குத்தானே நேர்த்தி. சேர்ந்திருக்கும்வரை அது அவரைக் கட்டிவைத்தது. தவநாயகி இதைக் கேட்டாள். அதற்குப் பிறகு மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. லண்டனை விட்டு எங்கும் போகவும் இல்லை. கேட்டால், பஸ்ஸில் தலைசுற்றுகிறது என்பாள்.

1998இல் பிருந்தாவுக்கு இரண்டு சம்பந்தம் பொருந்தி வந்தது. ஒன்று லண்டன் இல்ஃபோர்டில் கணக்காளர் பொடியன், மற்றது கனடா ரொறன்ரோவில் இன்ஜினியர். தவநாயகிக்கு விருப்பம் இல்ஃபோர்ட், கூப்பிட்டால் வரும் தூரம். தில்லையம்பலத்துக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பிருந்தா மாமூட்டைமேல் உட்கார்ந்து, ரொறன்ரோ என்றாள்.

“அந்தப் பொடியனைப் பிடிச்சிருக்கோ?” என்று தகப்பன் கேட்டார்.

“நல்லாக் கதைக்கிறார் அப்பா. நல்லாத் தூரத்திலையும் இருக்கிறார்.”

அவருக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த மாவை வைத்துவிட்டார்.

“எனக்கு வெளி வேண்டாம் பிள்ளை. உள்ளுக்கை இருந்து பழகீட்டன். நீ இல்ஃபோர்டைக் கட்டு.”

“எங்களுக்காகத்தானே அப்பா பத்து வருசம் இதுக்குள்ளை இருக்கிறீங்க? இட்ஸ் இனஃப். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறன். நீங்க நடவுங்கோ.”

அவர் கெஞ்சினார், கோபித்தார், ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமலும் இருந்தார். தகப்பனின் பிடிவாதம் அப்படியே மகளுக்கு. ஓகஸ்ட் நாலாம் திகதி தாயையும் மகளையும் விமானநிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு வான் கடைவாசலில் நின்றது, அவர் படிக்கு உள்ளே நின்று கை அசைத்தார். பின்னேரம் மூன்று மணிக்கு முன்கதவைத் திறந்து வெளியே வந்தார். பஸ் தரிப்பிடம் தாண்டியது, ஸ்டேசன் தாண்டியது, எந்தப் பின்கதவும் வரவில்லை. விமானம் கடலுக்கு மேலே போய்விட்டது என்று நடுத்தெருவில் நின்று தெரிந்துகொண்டார்.

முதல் வேலையாக ரெய்னர்ஸ் லேனுக்குப் போய், பத்மநாதன் தந்த திறப்பால் தன் குடும்பத்தின் வீட்டை முதல்தடவையாகத் திறந்து பார்த்தார். குளியலறையில் மூன்று துவாய்கள் தொங்கின. ஒன்று ஆம்பிளைத் துவாய், நீலம், தோய்த்து மடித்தது. பத்து வருடம் ஒருவரும் துடைக்காத துவாயைத் தவநாயகி கிழமைக்கொரு தடவை தோய்த்துப் போட்டிருக்கிறாள். அதை முகத்தில் வைத்துக்கொண்டு குளியல்தொட்டி விளிம்பில் இருந்து வாய்விட்டு அழுதார். கலியாணத்துக்குப் போகவும் முயன்றார். பத்மநாதன் ரிக்கெற் எடுத்துக் கொடுத்தார்; ஹீத்ரோவில் விமானக் கதவுக்குள் வைத்த கால் வெம்பிளியில் மாமூட்டைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர்களை நோக்கிப் போவதற்கு மட்டும் அனுமதி இல்லை. விமானம் ஒரு வெற்று இருக்கையோடு போனது. கலியாணத்தையும் வீடியோவில் பார்த்தார்.

அதன்பிறகு ஒரு வருடம் லண்டனில் அவர் போகாத இடமில்லை. ஆற்றங்கரை, மிருகக்காட்சிச்சாலை, இல்ஃபோர்ட்டும்கூட. இல்ஃபோர்டில் அந்தக் கணக்காளரின் தெருவில் நடந்துவிட்டு வந்தார், காரணம் சொல்லவில்லை. போகப்போக அவருக்கு வெளி கசந்தது. காலையில் கதவைத் திறந்து படி இறங்குவார். நடைபாதை காலுக்குக் கீழே அப்படியே கிடக்கும். இன்னும் தூரத்தில்தான் இருக்கிறார்கள் என்று நெஞ்சு விழுந்துவிடும். முன்பு ஓர் அறைக்குள் அடைபட்டிருந்தவர் இப்போது ஊர் முழுக்க அடைபட்டுத் திரிந்தார். ஜூனில் பேத்தி பிறந்தாள் என்று டெலிபோனில் சொன்னார்கள். அவளுடைய அழுகையையும் டெலிபோனில் கேட்டார். தவநாயகி பத்தியச் சாப்பாடு சமைக்க அங்கேயே நின்றாள்.

1999 ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி வியாழக்கிழமை, பதினொன்றரை மணிக்குக் கடையில் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். தில்லையம்பலம் வெறுமையான தக்காளிப் பெட்டிகளை நடைபாதையில் வைக்க முன்கதவால் போனார். பின்கதவால் வந்தார். பெட்டிகள் கையிலேயே இருந்தன. கொஞ்சநேரம் மாமூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டிகளோடு திரும்பவும் முன்கதவால் ஓடினார், பின்கதவால் வந்தார். இன்னொருதடவை ஓடினார், இன்னொருதடவை வந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பிருந்தா தகப்பனுக்குச் சொல்லாமல் வந்து நிற்க நினைத்திருந்தாள். பத்மநாதனுக்கு மட்டும் சொல்லி, சத்தியமும் வாங்கியிருந்தாள். அவர் ஹீத்ரோவில் வானோடு காத்து நின்றார். கடையில் தில்லையம்பலம் கூப்பிட்ட சத்தம் சலவைக்கடைவரை கேட்டது.

“இறங்கீட்டினம்! என்ரை பேத்தி இறங்கீட்டாள்!”

வரிசையில் முன்னால் நின்ற இத்தாலியக் கிழவி, அதற்கென்ன, எனக்கு இருநூறு கிராம் சலாமி வெட்டு என்றாள். அவர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பிறகு கையைக் கழுவி, கண்ணைத் துடைத்து, ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு போய் வாசற்படிக்கு உட்பக்கம் போட்டு, வான் வரும் திசையைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்தார்.