கறை மேசையில் பத்து நாள்

எங்கள் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போடப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

"மூணு மாசம் முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. போன தடவை எல்லார்கிட்டயும் சொன்ன, என்ன ஆச்சு?" என்றார் மாமியார்.

என்ன ஆச்சு என்று எனக்குத் தெரியாதா? ஏழாவது வாரம் கலைந்து போனது. நான் வாயைத் திறந்ததால்தான் போனதாம். வாய் எங்கே, வயிறு எங்கே! இரண்டு பிள்ளை பெற்றவர் பேசுகிற பேச்சு இது.

இந்த முறை எட்டாவது வாரம். டாக்டரம்மா ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக்கொண்டே என்ன வேலை என்று கேட்டார். டிரை கிளீனிங் கடையில் கறை எடுக்கிற மேசை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மருந்து வாடை ஆகாதும்மா. நாளைக்கே கடையில விஷயத்தச் சொல்லி வேற வேலை கேளுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. கரு வளர்வதைச் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறார், பெரிய நிபுணர்.

"இன்னிக்கு திராட்சை அளவாம்!"

"அந்தத் திராட்சைக்குத்தாங்க மூச்சு முட்டுது."

"இன்னும் நாலு வாரம்தானே? அம்மா சொன்னா கேளேன். மாஸ்க் போட்டுக்கோ."

நானும் கேட்டுத் தொலைத்தேன். கண்ணு படும், காத்து படும் என்பதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் ஒரு தடவை பறிகொடுத்தவளுக்குப் பயம் வந்தால் மூளை வேலை செய்யாது. இதற்காக என் மீதே எனக்குக் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

பத்து நாள். இரண்டு மாஸ்க் போட்டு, மூச்சை அடக்கிக் கறையைத் தேய்ப்பேன். பின்வாசலுக்கு ஓடி வாந்தி எடுப்பேன். திரும்பி வந்து தேய்ப்பேன். மேனேஜர் கோட்டு கோட்டாகக் கொண்டுவந்து போட்டார். பக்கத்தில் நிற்கிற இஸ்திரி அக்கா மட்டும், என்றும் இல்லாத அதிசயமாக, என் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தார்.

பதினோராவது நாள் ஒரு வெள்ளைக் கோட்டு வந்தது, முதுகு முழுக்கப் பெயிண்ட். "புது மருந்து, வாடை கொஞ்சம் தூக்கலா இருக்கும்," என்றார் மேனேஜர். மூடியைத் திறந்ததும் தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். போதும்டா சாமி.

"சார், நான் முழுகாம இருக்கேன். இதை என்னால செய்ய முடியாது."

மேனேஜர் சிரித்தார். சிரித்தார்!

"தெரியுமேம்மா. பத்து நாள் முன்னாடி உங்க மாமியார் வெளுக்கப் போட்ட சால்வைய வாங்க வந்தப்பவே சொல்லிட்டாங்க. நீங்களா சொல்ற வரைக்கும் தெரியாத மாதிரி இருங்கன்னாங்க."

இஸ்திரி அக்காவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னலைத் திறக்கத் தெரிந்தவருக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை.

"தெரிஞ்சுமா இந்த மேசையில நிக்க வெச்சீங்க?"

"பெரியவங்க சொன்னாங்களேன்னு..."

கையுறைகளைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "அப்போ நீங்களே தேய்ங்க சார். பெரியவங்க சால்வையிலயும் கறை இருந்தா எடுத்துக் குடுங்க." துணி வாங்கி வைக்கிற கவுன்ட்டருக்குப் போய் உட்கார்ந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

மறுநாள் ஸ்கேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மாமியார் கூடவே வந்தார். படுத்திருந்தேன். அந்தப் பத்து நாளும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன. டாக்டரம்மா கருவியை நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். பிறகு டக் டக் டக் என்று கேட்டது. அழுதுவிட்டேன்.

"நல்லாருக்கும்மா. இனிமே அந்த மேசைப் பக்கமே போகாதீங்க."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா? நான் ரகசியமா வெச்சதாலதான் தங்குச்சு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். கைப்பையில் மிச்சமிருந்த மாஸ்க்கை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"போட்டுக்குங்க அத்தை. இன்னும் ஏழு மாசம் இருக்கு."