முழு மதிப்பெண்

முப்பது வருடமாகக் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருந்து எழுதிக்கொண்டிருப்பவள் நான். மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று என்னைப் போன்ற சின்ன கிளினிக் டாக்டர்களுக்குப் பயிற்சி வைத்தபோது எரிச்சல்தான் வந்தது. பாடம் எடுத்தவளுக்கு என் வயதில் பாதி இருந்தால் அதிகம்.

சோதனை என்னவோ சுலபம். முதலில் மூன்று வார்த்தைகள் சொல்ல வேண்டும்: சாவி, குடை, எலுமிச்சை. பிறகு ஒரு தாளில் அன்றைய தேதி எழுதி, கடிகாரம் வரைந்து, முள்ளைப் பதினொன்று பத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த மூன்று வார்த்தைகளையும் திருப்பிக் கேட்க வேண்டும்.

"நல்லா இருக்கற ஒருத்தர வச்சு வீட்ல பழகிட்டு வாங்க. ஆறு வாரம் கழிச்சுப் பாக்கலாம்," என்றாள்.

நல்லா இருக்கிறவர் என்றால் என் வீட்டுக்காரர்தான். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். "நான் நோயாளி, நீ டாக்டர். ஒழுங்கா நடிக்கணும்," என்று அவரே சட்டம் போட்டார். சட்டையின் மேல் பொத்தானைக்கூட மாட்டிக்கொண்டு, "வணக்கம் டாக்டர்" என்று சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து உட்காருவார். வாரம் இரண்டு முறை, மொத்தம் பன்னிரண்டு தாள். மூன்று வார்த்தைகளும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வட்டம் காம்பஸ் வைத்தது போல விழும். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண்.

"என் பொண்டாட்டிக்கும் ஒரு தடவ இதப் பாத்துருங்க டாக்டர். வரவர அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல," என்றார் ஒரு நாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேசையை விட்டு எழுந்த பிறகும் என்னை டாக்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார். குசும்பு பிடித்த மனுஷன், பிடித்தால் விடமாட்டார் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் என் தாள்களை வரிசையாகப் பரப்பினாள்.

"ஒவ்வொரு தடவையும் வார்த்தைய மாத்தினீங்களா டாக்டர்?"

"இல்லையே."

"ஒரே வார்த்தைன்னா மனப்பாடம் ஆயிடும். அது கெடக்கட்டும். தேதியப் பாத்தீங்களா?"

பார்த்தேன். முதல் தாளில் பத்தாம் தேதி. இரண்டாவதிலும் பத்தாம் தேதி. பன்னிரண்டிலும், வரைபடத்தின் மூலையில் எழுதும் அதே அழகான எழுத்தில், அதே மாதத்துப் பத்தாம் தேதி. தேதிக்கு மதிப்பெண் இல்லை என்று நான் அந்தப் பக்கமே திரும்பியிருக்கவில்லை.

"யாரு இவரு?" என்றாள்.

"நல்லா இருக்கறவர்," என்றேன்.

வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தேன். அவர் பொத்தானை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வணக்கம் டாக்டர்."

"படகு, கம்பளி, மணி," என்றேன். அழகாகத் திருப்பிச் சொன்னார். வட்டம் போட்டார், முள் வைத்தார். தேதி பத்து.

"நான் சொன்ன மூணு வார்த்தை என்ன?"

"சாவி, குடை, எலுமிச்சை." சொல்லிவிட்டு, மதிப்பெண் போடுவேன் என்று என் பேனாவையே பார்த்தார்.

இத்தனை நாளாக இந்த மேசையில் நான் யாரோடு சிரித்துக்கொண்டிருந்தேன்?

"ஏங்க, நடிச்சது போதுங்க. நாந்தாங்க."

அவர் மரியாதையாகச் சிரித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"நேரமாச்சு, கெளம்பறேன் டாக்டர். வீட்ல அவ தனியா இருப்பா. நான் இல்லன்னா பயந்துக்குவா."