ஈஸ்ட்டுக்கு விட்டுக்கொடுத்த தொட்டி

பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வீடு திரும்பும்போது, கிரெட்டாவுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே வலியால்தான் தெரியும். அந்தக் காலை வெந்நீரில் நீட்டிப் போட அவளுக்கு இடமில்லை.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு குளியல் தொட்டி. பதினான்கு மாதமாக அதில் அவள் புருஷன் வெண்டெலின் பீர்தான் சொகுசாகப் படுத்திருந்தது. ஐந்து கேலன் கண்ணாடிக் குடுவை, கழுத்துவரை குளிர்ந்த தண்ணீர், சுற்றிலும் கல்லாக உறைந்த சோடா பாட்டில்கள். அவளுக்கு நிலவறையில் ஒரு ஷவர். விஸ்கான்சின் குளிரில் அங்கே நின்று நனைந்துவிட்டு வந்தால் முழங்கால் இன்னும் நாலு வார்த்தை திட்டும்.

பெல்ஜியத்தில் ஏதோ ஒரு மடத்துத் துறவிகள் காய்ச்சுகிற பழுப்பு பீர் அது. நாலு தெரு தள்ளிக் கடையில் விற்கிறார்கள். வெண்டெலுக்கு வாங்கிக் குடித்தால் போதாது, அச்சு அசலாக அதையே வீட்டில் காய்ச்ச வேண்டும். இதுவரை பத்து ஈடு எடுத்தாயிற்று. அசல் பீரில் கிராம்பும் பேரிக்காயும் மணக்கும், குடித்து முடித்தால் நாக்கு சுத்தமாக இருக்கும். வெண்டெலின் பீர் ஆறிப்போன பார்லிக் கஞ்சியில் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும்.

"மால்ட் சரி, ஹாப்ஸ் சரி. ஈஸ்ட்தான் வேற," என்பான் ஒவ்வொரு தடவையும். முளைகட்டிய பார்லியிலும் கசப்புப் பூவிலும் கோளாறு இல்லையாம், சாற்றை நொதிக்க வைக்கிற ஈஸ்ட்டில்தானாம். பாக்கெட் ஈஸ்ட்டை மாற்றிப் பார்த்தான். அசல் பாட்டிலின் அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலை வளர்த்துப் பார்த்தான். ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் ஒன்பது ஜாம் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் ஜாம் இல்லை.

"எனக்கு எப்போ தொட்டி?"

"ருசி ஒத்துப்போற அன்னைக்கே உனக்கு. சத்தியம்!"

நவம்பரில், ஒன்பதாவது ஜாம் பாட்டில் ஈஸ்ட்டைப் போட்டுப் பதினோராவது ஈட்டைக் குடுவையில் ஊற்றிய மறுநாள், அவன் அண்ணனோடு வடக்கே மான் வேட்டைக்குக் கிளம்பினான். ஒன்பது நாள். போகும்போது குளியலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். காலை ஒரு கட்டம், மாலை ஒரு கட்டம். ஐஸ் பாட்டிலை மாற்றிவிட்டு டிக் போட வேண்டும். "அறுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போச்சுன்னா ஈஸ்ட் கெட்டுரும் கிரெட்டா. உன்னை நம்பித்தான் போறேன்."

முதல் நாள் சாயங்காலம் முழங்கால் வீங்கியிருந்தது. கிரெட்டா தாளைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். வார்டில் நூறு கிலோ ஆளைத் தூக்குகிறவளுக்கு ஒரு குடுவை எம்மாத்திரம்? வார் கட்டித் தூக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். வெளிச்சம் படக்கூடாது என்று அவன் ஓயாமல் சொல்வானே, அதற்குத் தன் குளியல் அங்கியைப் போர்த்திவிட்டாள். கதவைச் சாத்தி, ஆவி பறக்கத் தண்ணீர் நிரப்பி, உள்ளே இறங்கிப் படுத்தாள். அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சுகம்.

ஒரு நாள்தான் என்று நினைத்தாள். ஒன்பது நாளும் நடந்தது. பக்கத்தில் அங்கிக்குள் குடுவை குளுக் குளுக் என்று பொங்கிக்கொண்டிருந்தது. தாளில் மட்டும் காலையும் மாலையும் டிக் விழுந்தது. இருபத்தாறு வருஷத்தில் நோயாளியின் தாளில் ஒரு பொய்க் கோடு இழுக்காதவள் அவள். ஒவ்வொரு டிக்குக்கும் கை கூசத்தான் செய்தது. ஆனாலும் போட்டாள். அவன் வருவதற்கு முன்பு எல்லாம் பழைய இடத்துக்குப் போனது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முதல் பாட்டிலைத் திறந்தார்கள். எது எது என்று சொல்லாமல் கிரெட்டாதான் மூன்று கிளாஸில் ஊற்றி வைத்தாள். இரண்டில் அசல், ஒன்றில் வீட்டு பீர். வெண்டெல் மோந்தான், குடித்தான், மறுபடி மோந்தான். தெரியவில்லை! ஒன்றைக் காட்டி இதுதான் நம்முடையது என்றான். அது கடையில் வாங்கியது.

"பாத்தியா! ஒன்பதாவது பாட்டில் ஈஸ்ட்! நான் சொல்லல?" என்று சமையலறையில் குதித்தான்.

கிரெட்டா துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"இரு இரு, எங்க போற? ஒரு தடவை வந்தா அது குருட்டு அதிர்ஷ்டம். இன்னொரு தடவை அப்படியே வந்தாத்தான் கணக்கு."

"வெண்டெல், சத்தியம் பண்ணுன!"

"ஒரே ஒரு ஈடு. அஞ்சு வாரம். அதுக்கப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

அதே மால்ட், அதே ஒன்பதாவது பாட்டில் ஈஸ்ட். இந்த முறை ஐஸ் பாட்டிலை அவனே மாற்றினான், கடிகாரம் பார்த்து. ஐந்து வாரம் கழித்துத் திறந்தால் கஞ்சி. அசல் பார்லிக் கஞ்சி.

வெண்டெல் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "ஈஸ்ட் களைச்சிருச்சு போல. புதுசா ஆறு வகை வரவழைக்கணும். ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தா, அடுத்த கிறிஸ்துமஸுக்குள்ள..."

அடுத்த கிறிஸ்துமஸ்! கிரெட்டாவுக்குப் பொறுமை அத்தோடு அறுந்தது. "ஈஸ்ட் மேல ஒரு தப்பும் இல்ல! நீ அதை விறைக்க வச்சு வேலை வாங்குற. நீ வேட்டைக்குப் போனப்ப நான் ஐஸே போடல. தூக்கி வெளிய வச்சுட்டு தினமும் வெந்நீர்ல குளிச்சேன். போதுமா?"

வெண்டெல் எழுந்துபோய் மேஜை இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துவந்தான். டிக்குகளின் மேல் விரலை ஒவ்வொன்றாக ஓட்டினான்.

"இது பூரா பொய்யா?"

"பூரா பொய்."

"ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தானா?"

"அங்க யாரும் என் தொட்டியில வந்து படுத்துக்கல."

அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. இத்தனை மாதம் காத்திருந்துவிட்டுக் கடைசியில் தானே குற்றவாளி ஆகிவிட்டோமே என்று எரிச்சலாகவும் இருந்தது. அவன் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கம் தெரிய மேஜையில் வைத்தான். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

"கதவு சாத்தியிருந்துச்சா?"

"என்னது?"

"குளியலறைக் கதவு. தண்ணி எவ்வளவு சூடு? எத்தனை நிமிஷம் குளிச்ச?"

மறு வாரம் பதிமூன்றாவது ஈடு. கிரெட்டா தன் தொட்டியில், தன் வெந்நீரில், கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் அங்கியைப் போர்த்திக்கொண்டு குடுவை. அதில் ஒட்டிய வெப்பமானியின் கம்பி கதவிடுக்கு வழியாக வெண்டெலிடம் போனது. கதவில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது: ஒன்பது நாள், ஒன்பது கட்டம், மேலே தலைப்பு 'கிரெட்டா குளியல்'.

ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. போதும் என்று எழுந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் கதவு தட்டப்பட்டது.

"கிரெட்டா, முப்பத்தோரு நிமிஷம்தான் ஆச்சு! நாப்பதுன்னு சொல்லியிருக்க. எந்திரிக்காத!"

"யப்பா சாமி, இது என் குளியல்!"

"உன் குளியல்தான். ஆனா இன்னும் ரெண்டு டிகிரி ஏறணும். கொஞ்சம் வெந்நீர் திறந்து விடு."

கிரெட்டா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். வெந்நீர்க் குழாயைக் கால் கட்டைவிரலால் திருகினாள்.