துண்டு போடாம வாங்க

நான் திருமால் பேசறன். வயசு இருவது. மாரண்டஹள்ளிக்கு இந்தாண்ட தக்காளித் தோட்டத்துல மோட்டார் ரூம்ல இருக்கறன். எம்போனு தண்ணில வுழுந்துடுச்சு. இது தோட்டக்கார மாது அண்ணன் போனு, அதான் பேரு வயசெல்லாம் சொல்றன், யாரோன்னு அழிச்சிராதீங்க. நம்ம ஊரு சித்தேரி மலையில டவர் இல்லாம வாய்ஸ் மெசேஜ் தொறக்காதுன்னு பேசியே டைப் பண்றன். தங்கச்சி கவிப்பிரியா, நீ படிச்சிட்டு அம்மாவுக்கும் சொல்லு.

நம்ம நாயி சாமைக்குக் கண்ணு சரியில்ல.

மொதல்ல இமை ஓரத்துல ஒரு கட்டிதான் வந்துச்சு. கம்பு மணி அளவுகூட இருக்காது. கண்ணுல தண்ணி ஒழுகிட்டே இருந்துச்சு. நான் தக்காளிக்கு மருந்தடிச்சிட்டு வந்து, தோள்ல கெடக்கற துண்டால தொடச்சு வுடுவன். அதுவும் கண்ண மூடிக்கிட்டு மூஞ்சிய நீட்டும். தொடைக்கத் தொடைக்க ஒழுகறது ஜாஸ்தியாச்சு. நானும் இன்னும் நல்லாத் தொடச்சன்.

அப்புறம் கண்ணயே தொறக்கல. மாது அண்ணன் டெம்போல தக்காளிப் பெட்டிங்களோட ஏத்திக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா பாத்துட்டு, "எதாலப்பா கண்ணத் தொடச்ச?"ன்னாங்க.

"இந்தத் துண்டாலதாங்க."

வாங்கி மோந்து பாத்தாங்க. உடனே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. "மருந்தடிக்கறப்ப இதயா கட்டியிருந்த?"

"ஆமாங்க, மூக்கு மேல கட்டிக்குவன்."

"உன் மூக்குக்கு ஆவாததுன்னுதான கட்டற? அத அது கண்ணுல தேய்க்கறியே! கட்டி தானா வத்திப் போயிருக்கும்பா. உன் பாசம்தான் வத்தல."

மாது அண்ணன் சிரிச்சிட்டாரு. எனக்கு அங்கயே ஓடிப் போயிரலாம்னு இருந்துச்சு.

கண்ணு புண்ணாயிடுச்சாம். காலைல சாயந்திரம் வெதுவெதுன்னு தண்ணில பஞ்சு நனைச்சு ஒத்தி, களிம்பு போடணும். வுட்டுட்டா வெள்ளை படிஞ்சிருமாம், பார்வை கெட்டுருமாம்.

ஆனா சாமை எங்கிட்ட வர மாட்டேங்குது கவி. துண்டத் தூக்கிப் போட்டுட்டன். சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு, புதுச் சட்ட போட்டுக்கிட்டுக் கூப்புட்டுப் பாத்தன். என் கை நீண்டாலே பெட்டிங்களுக்கு அடில பூந்துக்குது. மதியம் தூங்கறப்ப மொள்ளப் போனன், எழுந்து ஓடிடுச்சு. மாது அண்ணன் போனா கடிக்க வருது. "டேய், உன்னக் கண்டா அது ஓசூர் பஸ் ஏறிரும் போலடா"ங்கறாரு.

நேத்துல இருந்து களிம்பு போடவேயில்ல.

நான் இத மலையில இருந்து எறக்கிட்டு வர்றப்ப நீ தர மாட்டேன்னு அழுத. "உன்னவிட நல்லாப் பாத்துக்குவன், போடி"ன்னன். அத நெனச்சா சோறு எறங்கல. எரியறத வச்சுக்கிட்டு அத்தன நாளும் எனக்கு மூஞ்சிய நீட்டிக்கிட்டு நின்னுருக்குது.

உங்கிட்டனா அது வரும். நீதான பாலூத்தி வளத்த.

நாளைக்குக் காலேஜுக்கு லீவு போட்டுட்டு மொத பஸ்ஸுல அரூர் வந்து, தர்மபுரில மாறி வந்துரு. களிம்பு போட்டு, கையோட நம்ம வூட்டுக்கே கூட்டிட்டுப் போயிரு. நான் தள்ளியே நின்னுக்கறன். மாமாவத் தொணைக்குக் கூட்டிட்டு வா. அவர மட்டும் தோள்ல துண்டு போடாம வரச் சொல்லு.