மாமா எடுத்துட்டுப் போன பாப்பா

"நீதான மாமா பாப்பாவ எடுத்துட்டுப் போன? வரும்போது எடுத்துட்டு வா."

அக்கா மகள் பிரியங்கா போனில் சொன்ன இந்த வார்த்தை, ஸ்ரீபெரும்புதூர் ரூமிலிருந்து மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பரத்தின் காதைவிட்டு இறங்கவில்லை. நாலு வயசுப் பிள்ளை. அது சொன்னதில் பொய்யும் இல்லை.

தை மாசம் அவன் அக்கா சூர்யகலாவுக்கு ரெண்டாவது பிரசவம். வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்கு மூச்சு நின்றுபோயிருந்தது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். அக்கா மயக்கத்தில் இருந்தாள். நர்சம்மா துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, அக்கா புருஷன் ஜெயப்பிரகாஷ் மாமா ஆஸ்பத்திரிப் படியில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். எத்தனை தரம் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "தாய்மாமன் யாருப்பா? நீயாவது வாங்கிக்கோ" என்றாள் நர்சம்மா. பரத் வாங்கிக்கொண்டான். உப்பளத்தைத் தாண்டி இருந்த சவுக்குத் தோப்பு மேட்டுக்கும் அவன்தான் சுமந்துகொண்டு போனான். மாமா பத்தடி பின்னாலேயே வந்தார், பக்கத்தில் வரவேயில்லை.

அக்கா கண் விழித்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. பார்த்தால் மனசு தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாப்பா எங்கே, பாப்பா எங்கே என்று பிரியங்கா நச்சரித்தபோது ஜெயப்பிரகாஷ் வாயில் வந்தது, "உங்க மாமன் எடுத்துட்டுப் போயிட்டான்." அதோடு சரி. அந்தப் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்றுவிட்டார். பரத்தும் கம்பெனிக்குத் திரும்பிவிட்டான். இப்போதுதான் மறுபடி வருகிறான்.

வெறும் கையோடு போனால் பிள்ளை ஏமாந்துபோகும். பாப்பா பொம்மையோடு போனால் அக்கா என்ன ஆவாளோ. மரியதாஸ் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் அவன் ரெண்டு தரம் ஏறி ரெண்டு தரம் இறங்கினான்.

"ஏம்பா, உள்ள வர்றியா, இல்ல வாசப்படிய அளக்கிறியா?" என்றார் மரியதாஸ். "யாருக்கு?"

"அக்கா பொண்ணுக்குங்க."

"என்ன கேட்டுச்சி?"

"பாப்பா."

"பாப்பா பொம்மையா? அப்படிச் சொல்லு." ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். மொட்டைத் தலை, மடங்கின முழங்கால், ரோஸ் கலர் சட்டை. பரத் வேண்டாம் என்பதற்குள் அவன் கையில் வைத்துவிட்டார். "புடிச்சிப் பாரு. நெசக் கொழந்தையேதான்."

பரத்தின் இடது கை தானாகப் போய்த் தலைக்கு அடியில் நின்றது. வலது கை இடுப்புக்குக் கீழே. இந்தக் கைக்குப் பொம்மை பிடிக்கத் தெரியாது, இன்னொன்றைப் பிடித்துத்தான் பழக்கம், அதுவும் ஒரே ஒரு நாள். படுத்த வாக்கில் பொம்மையின் கண் ரெண்டும் டக்கென்று மூடிக்கொண்டது.

அவன் அதைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான்.

"என்னப்பா, சுடுதா?" மரியதாஸ் சிரித்தார்.

அக்காவையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. போன் பண்ணிக் கேட்கத் தைரியம் இல்லை. கடையின் ஓரமாக ஒதுங்கி, வாட்சப்பைத் திறந்து, பேசினால் எழுத்தாக விழும் மைக்கை அழுத்தி, வாய்க்குள்ளேயே பேசினான். முன்பு ரெண்டு தரம் பஸ்ஸில் பேசி அழித்ததுதான். "அக்கா பாப்பா பொம்ம வாங்கட்டுமா வேணாமா, உனக்குக் கஷ்டமா இருக்குமா..."

"பேட்டரி போட்டா நல்லா அழும் தம்பி!" பின்னாலிருந்து மரியதாஸ் குரல் கொடுத்தார்.

திடுக்கிட்டதில் விரல் பட்டு மெசேஜ் போய்விட்டது. பார்த்தான். அவன் பேச்சும் கடைக்காரர் பேச்சும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக நின்றன. அழிக்கப் போவதற்குள் ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பதில் வரவில்லை. நின்று நின்று பார்த்தான். வரவேயில்லை.

கடைசியில் அவன் எடுத்தது ஒரு சாண் பொம்மை. செம்பட்டை முடி, பெயிண்டில் வரைந்த நீலக் கண், காது வரைக்கும் சிரிப்பு. எப்படிப் படுக்க வைத்தாலும் கண் மூடாது.

"அதுவா? வெள்ளக்காரி மாதிரி இருக்குதேப்பா."

"அதனாலதாங்க."

ஷேர் ஆட்டோ உப்பளத்து ஓரமாகப் போனது. வெயிலில் பாத்திகள் கண்ணைப் பறித்தன. தூரத்தில் நாலைந்து பேர் பலகையால் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தவர் மாமாதான். பரத் பொம்மைப் பையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டான்.

ஆட்டோ சத்தம் கேட்டதும் பிரியங்கா ஓடி வந்தாள். அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. நேராகப் பையைத்தான் பிடுங்கினாள். பொம்மையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பாப்பா இல்ல மாமா. இது பொம்ம."

"பாப்பா பொம்மடி செல்லம். பாரு, சிரிக்குது."

"பாப்பா எங்க? நீதான எடுத்துட்டுப் போன?"

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். நைட்டிமேல் துண்டு. பாதியாக இளைத்திருந்தாள்.

"பாப்பா வராதுடி. செத்துப்போச்சு. மாமன் எடுத்துட்டுப் போயி பொதச்சிட்டு வந்தான்," என்றாள். குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. "அவனப் போட்டு நோண்டாத. போய் பக்கத்து வூட்ல காட்டிட்டு வா."

பிரியங்கா அம்மாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு பொம்மையை ஒரு காலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி வெளியே போனாள்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பேட்டரி போட்டா நல்லா அழுமாமே?"

"ஐயோ, அது கடக்காரரு பேசுனதுக்கா. அதுவும் சேந்து ஏறிடுச்சி..."

அவள் சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். அப்புறம்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

"பாப்பா அழுதுச்சாடா? ஒரு தடவையாச்சும்?"

"இல்லக்கா."

"ம்." துண்டால் மூக்கைத் துடைத்தாள். "ஏண்டா இத்துனூண்டா வாங்குன? பெருசு இல்லையா கடையில?"

"இருந்துச்சிக்கா."

"அப்புறம் என்ன?"

பரத் தரையைப் பார்த்தான். "அது... அந்த அளவுக்கே இருந்துச்சி."

"எந்த அளவுக்கு?"

அவன் காலிப் பையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

"எந்த அளவுக்குடா? சொல்லேன். பத்து மாசம் என் வயித்துல கெடந்துச்சி. எட்டி எட்டி ஒதச்சிச்சி. எவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியாதுடா. பொண்ணுன்னு மட்டும் சொன்னாங்க. மூடி எடுத்துட்டுப் போயிட்டீங்க. நீதானே தூக்குன? உனக்குத்தானே தெரியும்?"

பரத் ரெண்டு கையையும் நீட்டினான். இடது கை தலைக்கு, வலது கை இடுப்புக்கு. நடுவில் ஒன்றுமில்லை. அளவு மட்டும் மாறவில்லை.

அக்கா நகர்ந்து வந்தாள். அந்த ரெண்டு கைக்கும் நடுவிலிருந்த காலி இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"முடி இருந்துச்சா?"

"நெறய. ஈரமா, நெத்தியில ஒட்டிக்கினு."

"நெறம்?"

"உன் நெறம். வாயி உன்னுது. காது மாமாது. அதே மாதிரி மேல மடங்கி இருந்துச்சி."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சிக்கா."

அவள் தன் உள்ளங்கையை அவன் இடது கைக்கு மேலே கொண்டுவந்தாள். நெற்றி இருந்திருக்கும் இடத்தில் மெல்ல வைத்து, முடியை ஒதுக்குவதுபோல மேலே தடவினாள். ஒரு தரம், இன்னொரு தரம். அவன் கையில் அவள் கண்ணீர் விழுந்தது.

வாசலில் பைக் வந்து நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம். ஜெயப்பிரகாஷ் உள்ளே காலெடுத்து வைத்தார். முழங்கால்வரை உப்பு பூத்துக் கிடந்தது. ரெண்டு பேரையும் பார்த்தவர், நீட்டியிருந்த கையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். எதை நீட்டியிருக்கிறான் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தார்.

பரத் பயந்து கையைத் தளர்த்தினான்.

அக்கா அவன் மணிக்கட்டை அடியிலிருந்து தாங்கிப் பிடித்தாள்.

"எறக்காதடா," என்றாள். "அவரும் பாப்பாவப் பாக்கல."